உறங்கும்போது இறங்கும் ஒட்சிசன்

யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளில் முதல்நாளிரவு விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்தவர்களுள் ஒருவரேனும் மறுநாட் காலைப் பேச்சுக்குப் பொருளாவார். "அண்ணரின் குறட்டையிலே கோழிகூட உறங்கவில்லை" என்பார் ஒருவர். கும்பகர்ணனைத் துணைக்கு அழைப்பார் மற்றொருவர். குறட்டை விட்டவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிப்பிற் கலந்துகொள்ளாதவர் அவருடைய மனைவியார் ஒருவரே. அக்குறட்டை நள்ளிரவிற் சட்டென நின்றுபோவதையும், நின்றபின் மார்பு மட்டும் ஏறியிறங்க மூச்சு வாராதிருப்பதையும், பின்பு பெருஞ்செருமலுடன் அது மீள்வதையும் இருளில் விழித்திருந்து எண்ணியவர் அவர்.

இந்த நிறுத்தத்தையே உறக்க மூச்சுத்தடை என்பர் வைத்தியர். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாவின் அடியும் மெல்லண்ணமும் பின்னே சரிந்து காற்றுவழியை அடைக்கின்றன. அடைப்பு 10 செக்கன் அல்லது அதற்குமேல் நீடிப்பின் அது ஒரு தடையாகக் கணக்கிடப்படும். மணிக்கு 5 தடைக்குக் குறைந்தால் இயல்பு. 30க்கு மேற்பட்டாற் கடுமை. முப்பது என்பதன் பொருள் யாது? இரண்டு நிமிடத்துக்கொரு முறை மூளை திடுக்கிட்டெழுந்து தொண்டையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேரம் படுத்தெழுந்தவர் மத்தியானத்திற் சாய்மனைக் கதிரையிலே பத்திரிகையை நழுவவிடுவதில் வியப்பில்லை. கதிரையிற் கண்ணயர்ந்தாற் குற்றமில்லை; ஏ-9 வீதியில் வாகனம் ஓட்டும்போது கண்ணயர்வோர் கதை வேறு. மருந்துக்கு அடங்காத உயர் குருதியமுக்கத்துக்குப் பின்னாலும் இந்நோய் மறைந்திருப்பதுண்டு.

2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனாத் தொற்றுப் பரவியபோது விரலைக் கவ்வும் சிறு ஒட்சிசன் மானி உலகெங்கும் வீடுகளுக்குட் புகுந்தது. அதன் பிறப்பு சுவையானது. யப்பானியப் பொறியியலாளர் டக்குவோ அயோயகி, 1970களின் தொடக்கத்தில், இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைச் சாயமொன்றின் துணையால், காதினூடே ஒளி செலுத்தி அறிய முயன்றார். நாடித்துடிப்பு அந்த ஒளியை அலைக்கழித்துக் கணக்கைக் குழப்பியது. இடையூற்றை ஒழிக்க வழி தேடியவர், அந்த இடையூறே நாடிக்குருதியின் செய்தியைத் தாங்கி வருகிறது என்று கண்டார். 1974இல் அக்கருத்து வெளிப்பட்டது. செவ்வொளி ஒன்று, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளி ஒன்று. ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் இவ்விரண்டையும் உறிஞ்சும் அளவு வேறு, ஏற்றாதது உறிஞ்சும் அளவு வேறு. அவ்வேற்றுமையே திரையில் எண்ணாகிறது. உலகம் முழுவதும் அக்கருவியை விரலில் மாட்டிக்கொண்ட 2020ஆம் ஆண்டிலேயே அயோயகி காலமானார்.

இக்கருவியை வைத்துக்கொண்டு வீட்டார் செய்யும் முதற்பிழை, காலையிற் கோப்பி குடித்தபின் விரலை நீட்டி 98 என்று கண்டு ஆறுதலடைவது. விழித்திருப்பவரின் தொண்டை திறந்தே இருக்கும். அவ்வெண் இரவைப்பற்றி யாதும் கூறாது.

இரண்டாவது பிழை சற்று நுட்பமானது. மனைவியார் இரவில் அருகே அமர்ந்து கருவியைப் பார்க்கிறார் என்க. மூச்சு நிற்கிறது, எண் 95இலேயே நிற்கிறது. பின்பு செருமலுடன் மூச்சு மீள்கிறது. அப்போதோ எண் 91, 88, 85 என்று இறங்குகிறது. கருவி பழுது என்று அவர் அதனைக் கழற்றி வைத்துவிடுகிறார். பழுதன்று. நுரையீரலைக் கடந்த குருதி விரல் நுனியை அடையவும், கருவி பல துடிப்புகளின் சராசரியைக் கணிக்கவும் இருபது முப்பது செக்கன் செல்லலாம். விரல் காட்டுவது சற்று முன்னைய மூச்சின் கணக்கு. அன்றியும் அந்த இறக்கம் ஒரே சீரானதன்று. கடனீரேரியில் இறங்குபவன் நெடுந்தூரம் முழங்காலளவு நீரிலேயே நடந்து, பின்பு ஓரடியில் ஆழத்திற் கால்வைப்பது போல, நுரையீரலில் ஒட்சிசன் குறைந்து வரினும் எண் நெடுநேரம் 90க்கு மேல் நின்று, அதன்கீழ் விரைந்து சரியும்.

ஆகவே வேண்டுவது இரவு முழுவதும் பதிந்து வைக்கும் கருவி. மணிக்கட்டில் அல்லது மோதிரம்போல விரலில் அணியும் வகைகள் உண்டு. காலையில் அதன் பதிவை விரித்தால், நோயுடையவரின் கோடு மரமரியும் வாளின் பற்களைப்போல ஏறியிறங்கும். 3 அல்லது 4 சதவீத இறக்கம் மணிக்கு எத்தனை என்பதை வைத்தியர் எண்ணுவார். குளிர்ந்த விரலும் தளர்ந்த கவ்வியும் நகப்பூச்சும் பொய்யிறக்கங்களைத் தோற்றுவிக்கலாம். மறுபுறம், மெலிந்த இளைஞர் சிலருக்கு ஒட்சிசன் பெரிதும் இறங்குமுன்னரே உறக்கம் கலைந்துவிடும். அவர்தம் கோடு நேராயிருப்பதால் நோயில்லை எனத் துணிதல் கூடாது.

கருநிறத்தார் கருத்திற் கொள்ளவேண்டியது மற்றொன்று. 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கணக்கின்படி, கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையிலும் நாடிக்குருதியின் உண்மையளவு 88க்குக் கீழிருந்தமை வெள்ளை நோயாளரிடம் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளரிடம் 11.7 சதவீதம். கருவி சிலருக்கு உண்மையிலும் மேலாகக் காட்டும் என்பதை வடபகுதியார் மறத்தலாகாது.

கொரோனாக் காலத்தில் வாங்கிய ஒட்சிசன் இயந்திரத்தை மூலையிலிருந்து எடுத்து இரவில் மாட்டிவிடுவோர் உளரேல், அது தகாது. ஒட்சிசன் எண்ணை உயர்த்தும். அடைந்த தொண்டையைத் திறவாது. மூச்சு நிற்கும் நேரம் நீளவும், சிலரிடம் கரியமிலவாயு மிகவும் இடமுண்டு. தொண்டையைத் திறப்பது வேறு கருவி: அவுஸ்திரேலியாவின் சிட்னியிற் கொலின் சலிவன் 1981இல் வெளியிட்டது. மூக்கிற் பொருந்திய முகமூடியின்வழி அறைக்காற்றையே மெல்ல அழுத்திச் செலுத்துவது. அக்காற்றே தொண்டைச் சுவருக்கு முட்டுக்காலாய் நிற்கும். இரவுணவோடு சாராயமோ கள்ளோ அருந்துவதை விடுதலும், மல்லாந்து படாமல் ஒருக்களித்துப் படுத்தலும் உதவும் என்று சொன்னாற் சிலர் முகம் சுளிப்பர். அதற்கு என் செய்வது?

வைத்தியரிடம் செல்லும்போது பதிவோடு மனைவியாரும் செல்லவேண்டும். உறங்குபவர் தம் உறக்கத்துக்குச் சாட்சியாக முடியாது. 1847இல் இங்கு வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்த மண் இது. கண்டதைத் தமிழிற் சொல்ல ஒருவரும் கூசவேண்டியதில்லை.

காற்றழுத்தக் கருவிக்கு மின்சாரம் வேண்டும். 1990இன் பின் பல ஆண்டுகள் மின்வலையின்றி வாழ்ந்த குடாநாட்டாருக்கு அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் 13 மணிநேரம் மின்தடை வந்ததும் நினைவிருக்கும். மின்சாரம் நின்றால் முகமூடியைக் கழற்றிவிடவேண்டும். மின்கலம் வாங்க இயன்றோர் வாங்கலாம். இயலாதோர் அவ்விரவில் தலையணையை உயர்த்தி ஒருக்களித்துப் படுப்பதே வழி. விரலிலுள்ள சிறுகருவி மட்டும் தன் மின்கலங்களைக்கொண்டு விடியுமட்டும் பதிந்துகொண்டிருக்கும். மின்சாரம் இருந்த இரவின் கோட்டையும் இல்லாத இரவின் கோட்டையும் ஒருங்கே வைத்தியர்முன் வைத்தால், அவர் அறியவேண்டியது அதில் உண்டு.