வழிக்கேற்ற பாரம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் இன்று இலக்கியம் பேசாது, நம் இல்லங்களிற் புகுந்துள்ள இணையத்தைப் பற்றிப் பேச முற்பட்டமை சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எமது அறியாமையால் ஒரு மாணவிக்கு நேர்ந்த இழப்பே எம்மை இதன்கண் ஈடுபடுத்தியது. அதனை முதற்கண் கூறுவாம்.

2021-ஆம் ஆண்டில் எம்மிடம் பயின்ற பெண்ணொருத்தி, கல்லூரி விண்ணப்பத்தைத் தன் வீட்டிலிருந்தே அனுப்ப முயன்றாள். சிறு செய்திகள் தடையின்றிப் போயின, வந்தன. சான்றிதழ்களின் படிகளை ஏற்றுங்கால் மாத்திரம் திரையில் வட்டம் சுழன்றவாறே நின்றது. அவள் தந்தையார் எம்மை வினவினார். "வேகம் போதாது, பெரிய திட்டமாக வாங்குங்கள்" என்று கூறினோம். ஆசிரியர் சொல்லைத் தெய்வவாக்காகக் கொண்ட அவர் கடன் பெற்று வாங்கினார். வட்டம் பின்னும் சுழன்றது. இறுதிநாளும் கடந்தது.

அதன் பின்னரே யாம் காரணத்தை ஆராயத் தொடங்கினோம். இணையத்தில் எச்செய்தியும் முழுமையாகச் செல்வதில்லை. சிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பெற்றே செல்லும். ஒரு பொட்டலம் எத்துணைப் பெரிதாயிருக்கலாம் என்பதற்கோர் எல்லையுண்டு. அதனை எம்.டி.யு. என்பர். ஈதர்நெட் முறையில் அவ்வெல்லை 1500 பைட்டுகள். வீட்டு இணைப்புகள் பலவற்றிலோ, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் பி.பி.பி.ஓ.ஈ. என்னும் முறை வழங்குகின்றது. 1999-இல் வெளியிடப்பெற்ற அம்முறை ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் 8 பைட்டுகளை ஏற்றுகின்றது. எனவே பொட்டலத்திற்கு எஞ்சுவது 1492.

குறுகிய சந்தில் அகன்ற வைக்கோல் வண்டியைச் செலுத்தினால் வண்டி சிக்கும். ஆள் மட்டும் நடந்து போய்விடலாம். இங்கும் அதுவே நிகழ்ந்தது. சிறு பொட்டலங்கள் கடந்தன. நிறைந்த பொட்டலங்கள் வீழ்ந்தன. வழி குறுகியது என்று அனுப்பினவர்க்கு அறிவிக்கும் முறை 1990-இலேயே வகுக்கப்பெற்றுளது. ஆயினும் சில கருவிகள் அவ்வறிவிப்பை இடையிலேயே தடுத்துவிடும். சில அறிவிப்பின்றியே பொட்டலத்தை வீழ்த்திவிடும். அனுப்பினவரோ விடைக்குக் காத்துப் பயனின்றி மீண்டும் மீண்டும் அனுப்புவர். சந்து குறுகியிருக்க, அதற்கப்பாலுள்ள சாலையை அகலமாக்கி என்ன பயன்? அத்தந்தையார் கடன்பட்டு வாங்கிய வேகம் அத்தகையதே.

இதனை அறியும் வழி எளிது. கணினியின் கட்டளைத் திரையில், பொட்டலத்தைத் துண்டாக்கலாகாது என்னும் விதியுடன், 1472 பைட்டு அளவிற் பிங் அனுப்புக. தலைப்புகள் 28 சேர, அது 1500 ஆகும். விடை வாராது, 1464 அளவிற்கு வருமாயின், உமது வழி 1492 என்று தெளிக. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் எம்.டி.யு. என்னுமிடத்தில் அவ்வெண்ணைப் பதிக. அப்பெண்ணின் வீட்டில் 1500 என்றே பதிந்திருந்தது. அதனை மாற்றிய அன்றே கோப்புகள் ஏறின. ஆனால் காலம் கடந்துவிட்டது.

மிகக் குறைப்பதும் தவறு. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஏறத்தாழ 40 பைட்டுகள் முகவரி முதலியவற்றிற்கே செலவாகும். 1500-இல் இது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. 576 ஆக்கினாலோ ஏழளவாகும். மேலும், இவ்வெண்ணை மாற்றுவதால் வாங்கிய வேகம் பன்மடங்காகும் என்று கூறுவாரை நம்பற்க. தடையை நீக்குதலே இதன் பயன். இல்லாத வேகத்தை இது படைக்காது. 1472 அளவிற்கே விடை வருமாயின், இவ்வெண்ணைத் தொடாது விடுக, குறை வேறிடத்தது.

சகோதரர்களே! நம்மவருட் பலர் மாதந்தோறும் வியர்வை சிந்தியீட்டிய பணத்தை இணைப்பிற்குச் செலுத்துகின்றனர். குறை நேரின் வினவ வெட்கி, மேலும் பணம் செலுத்துகின்றனர். நம் சங்கத்து இளைஞர் இருவர் முன்வந்து, விண்ணப்பக் காலத்திலேனும் வீடுதோறும் சென்று இச்சோதனையைச் செய்து தருவாராயின் அது பெரும் அறமாகும்.

அப்பெண் மறு ஆண்டு கல்லூரியிற் சேர்ந்தாள். அவள் இழந்த ஓராண்டு மீளவில்லை. அறியாததை "அறியேன்" என்று அன்றே சொல்லியிருப்பின், அத்தந்தையார் அறிந்தவரை நாடியிருப்பார். எம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் இதுவே யாம் விடுக்கும் வேண்டுகோள்.