லீவு போட்டுப் படிக்கப் போன கதை

(கடலாடியில் மாணவர்களும் தோழர்களும் கூடிய வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறையும் வாசிப்பும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கவிதை எழுதுகிறவன், பிழைப்புக்கு வங்கியில் கிளார்க். பேங்க்காரனுக்கு எல்.எஃப்.சி.ன்னு ஒரு பயணச் சலுகை உண்டு. கூட வேலை பாக்குறவங்க அதை வச்சு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவாங்க. நான் போன கோடையில ஒரு ஜோல்னாப் பையோட நூலகம் நூலகமா அலைஞ்சேன். 'வேகாத வெயில்ல எதுக்குடா இப்படித் திரியிறே'ன்னு எங்க அம்மா கேட்டுச்சு. அதுக்கான பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில் சாயல்குடி, தூத்துக்குடி வழியாகப் பாளையங்கோட்டை. அங்கே தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம்தான், ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நூலை 1999இல் வெளியிட்டது. 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று வாரப் பத்திரிகை தொடங்கியவர் அயோத்திதாசர். அடுத்த வருசம் அது 'தமிழன்' ஆனது. 1914இல் சாகும்வரை விடாமல் நடத்தினார். நான் கல்லூரியில் படித்த இலக்கிய வரலாற்றில் இந்த மனுசன் பேரே கிடையாது.

அடுத்து மதுரை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச்சங்கம் அங்கே இருக்கிறது. அவர் பாலவநத்தம் ஜமீன்தார், நம்ம ராமநாதபுரம் அரச குடும்பம். அந்தச் சங்கம் தமிழுக்குச் செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கணக்குப் பாக்குற தொழில் எனக்கு. அங்கே ஜமீன் நின்னுச்சு. ஆறே வருசம் கழிச்சு வந்த நம்ம பத்திரிகைக்கு வாசகன் கொடுத்த ஒரு பைசாதான் நின்னுச்சு. எது அழியாமல் நிற்கும், எது செல்லரிக்கும் என்பது அங்கேயே முடிவாகி விடுகிறது.

பிறகு சென்னை. எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். இந்தியாவில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அங்கே 1957ஆம் வருசத்துப் பத்திரிகைகளைத் தேடி உட்கார்ந்தேன். ஏன் 1957 என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பர் 11, பரமக்குடி, இமானுவேல் சேகரன். அப்போது அவருக்கு வயது 32. நாம எல்லாம் அப்பத்தா வாயால கேட்டு வளர்ந்த சேதி அது. ஒரு பஸ் தூரத்தில் நடந்ததை அச்சில் பார்க்க 500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. போய்ப் பார்த்தால்? நான் புரட்டிய பக்கங்களில் நம்ம சனங்க பெரும்பாலும் எண்ணிக்கையாக இருந்தார்கள். இத்தனை வீடு, இத்தனை பேர். பெயர்கள் எங்க அப்பத்தாவிடம் இருந்தன. அதுவும் செத்துப்போச்சு.

ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். எங்க அய்யாகிட்ட ஒரு தகரப்பெட்டி இருந்துச்சு. மாநாட்டு நோட்டீசு, கலெக்டருக்குப் போட்ட மனு நகல், சிறுபத்திரிகைகள். நான் பத்தாவது படிக்கையில ஒரு ஐப்பசி மழையில கூரை ஒழுகி நனைஞ்சு போச்சு. காயவைத்துப் பார்த்தோம், ஒட்டிக்கொண்டது. மிஞ்சினதை நான்தான் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டேன். பரோட்டா வாங்கித் தின்னேன். அந்த நோட்டீசுகளில் ஒன்றாவது கிடைக்காதா என்றுதான் இந்த அலைச்சல் எல்லாம். எங்கேயும் கிடைக்கவில்லை.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் முத்தையா. நோட்டீசு, அழைப்பிதழ், நாடகப் பாட்டுப் புத்தகம் என்று ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்திருந்தார். 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது இந்த நூலகம். தனி ஒரு ஆள் செய்த வேலை. அதைப் பார்த்தபோது அந்தப் பரோட்டா என் தொண்டையில் திரும்ப வந்தது.

கடைசியாகக் கோலார் தங்கவயல். பங்காருப்பேட்டையில் ரயில் மாறிப் போனேன். 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சயனைடு மண்மேடுகள் மலைமாதிரி நிற்கின்றன. சனங்கள் விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இந்த ஊரில்தான் சுரங்கத் தொழிலாளர் நடுவே வளர்ந்த தமிழ்ப் பவுத்தர்கள் சித்தார்த்தா புத்தகசாலை நடத்தி, அயோத்திதாசர் எழுத்துகளைச் சிறுநூல்களாக அச்சிட்டார்கள். சென்னையில் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய 'தமிழன்' இதழ்களைக் காப்பாற்றினார்கள். அந்தக் கைகள் இல்லை என்றால் 1999இல் தொகுக்க ஏது?

அண்ணல் அம்பேத்கர் 1917இல் லண்டனிலிருந்து திரும்பினார். தனியாகக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் போரில் குண்டு பட்டுக் கடலில் போயின. பரோடாவுக்கு வேலைக்குப் போனால் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பேரை மறைத்துத் தங்கினார். 11ஆம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அந்த மனிதர் பிறகு பம்பாய் தாதரில் வீடு கட்டியபோது புத்தகங்களுக்கென்றே இடம் வைத்துக் கட்டினார். ராஜகிருகம் என்று பேர் வைத்தார்.

நம்மால் ராஜகிருகம் கட்ட முடியாது. ஆனால் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. வரி 100 ரூபாய்னா நூலக வரி 10 ரூபாய். 1948ஆம் வருச நூலகச் சட்டத்தின் தொடர்ச்சி அது. சேரி வீட்டுக்கும் சேர்த்துத்தான் வாங்குறான். கேட்க நமக்கு உரிமை உண்டு. பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகத்தைத் திறக்கச் சொல்லி மனுப் போடுவோம். மனுவில் ஒரு நகல் எடுத்து வைப்போம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்க, அய்யாவோட பெட்டியைத் திறங்க. துண்டு நோட்டீசாக இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. பின்பக்கம் தேதி எழுதுங்க, ஊர் எழுதுங்க. அப்பத்தா உசுரோட இருந்தா பக்கத்தில உக்காந்து பெயர்களைக் கேட்டு எழுதுங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டு வாங்க. அலமாரி வாங்கும் செலவு என்னுடையது.