பென்சிற் கரியும் நம் பிள்ளைகளும்



வெள்ளி விழா மேடையில் அறிவியல் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பேசப் போவது நம் காலடி மண்ணைப் பற்றியதே. சிவகங்கைக்கு அருகே நிலத்தினுள் கிராபைட் என்னும் பென்சிற் கரி கிடக்கிறது. அதனை வெட்டியெடுத்துத் தூய்மை செய்யத் தமிழ்நாடு கனிம நிறுவனம் ஆலையும் நிறுவியது.

அக்கரியில் ஒரு வியப்பு உண்டு. செம்பு மின்சாரத்தைக் கடத்தும், கந்தகம் கடத்தாது. கிராபைட்டோ உலோகமன்று, ஆயினும் கடத்துகிறது. அதில் ஓடித் திரியும் எலெக்ட்ரான்கள் மிகச் சிலவே. ஆதலின் அதனை அரை உலோகம் என்பர். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1939-இல் கல்கத்தாவில் கங்குலி என்பாருடன் அதனை ஆராய்ந்தார். அடுக்கின் வழியே எளிதாய்ப் பாயும் மின்சாரம், அடுக்கின் குறுக்கே பாயப் பெரிதும் இடர்ப்படுவதை அளந்து காட்டினார்.

2004-இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்னும் இருவர், ஒட்டும் நாடாவால் கிராபைட்டை உரித்து, ஓர் அணு தடிமனே உள்ள ஏட்டைப் பிரித்தெடுத்தனர். அதில் எலெக்ட்ரான்கள் நிறையே இல்லாதனபோல் ஓடின. 2010-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

நிறையற்ற துகளுக்கு 1929-இலேயே ஹெர்மன் வைல் சமன்பாடு எழுதியிருந்தார். அவ்வாறே நடக்கும் எலெக்ட்ரான்கள் 2015-இல் டாண்டலம் ஆர்சனைடு என்னும் படிகத்தில் காணப்பட்டன. கண்ட குழுக்களுள் ஒன்றின் தலைவர் டாக்காவில் பிறந்த ஜாகித் ஹாசன். இத்தகைய பொருளை இடத்தியல் அரை உலோகம் என்பர். வளையலை நெளிக்கலாம், நசுக்கலாம், உடைத்தாலன்றி அதன் துளை மறையாது. அதுபோலவே, இப்படிகத்தைச் சிறிது மாற்றினாலும் எலெக்ட்ரான்களின் இவ்வியல்பு எளிதில் அழிவதில்லை.

இதனை ஏன் இங்கே சொல்கிறோம்? 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதன் மதிலோரம் நடந்து பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஆராய்ச்சியாளராக அதனுள் நுழையக் கனவு காண்கின்றனர்? "கணக்கு உனக்கு வராது, எளிய பிரிவை எடுத்துக்கொள்" என்று பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். ஆசிரியராகிய நாமும் அப்படிச் சொன்னதுண்டு. அன்பினால் சொன்னோம் என்றாலும், ஒரு கதவை அடைத்தோம் என்பதே உண்மை. கோவிற் கதவையும் கிணற்றடியையும் பிறர் அடைத்தபோது நம் முன்னோர் போராடித் திறந்தனர். இக்கதவை நாமே அடைக்கலாமா?

ஒட்டும் நாடாவும் கரியும் போதுமென்று மயங்க வேண்டா. அதன் பின்னே பல்லாண்டுக் கணக்கும் இயற்பியலும் இருந்தன. ஆதலின் இச்சங்கத்தை ஒன்று வேண்டுகிறோம்: மாலை வகுப்பில் கணக்கையும் இயற்பியலையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் முறையாகக் கற்பியுங்கள். நெளித்தாலும் அழியாத இயல்பு படிகத்துக்கு மட்டும் உரியதன்று. கற்ற கல்விக்கும் உண்டு.