காவல் மணியும் பேசும் கம்பியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய புலவர் பெருமக்கள் கம்பனையும் இளங்கோவையும் காட்டி நம் உள்ளத்தைக் குளிர்வித்தார்கள். அடியேன் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று நம் செயலாளர் கட்டளையிட்டார். ஆகவே, வீட்டுக் காவல் மணியைத் தொலைபேசிக் கம்பியோடும் இணையக் கம்பியோடும் முறையாகச் சேர்த்து அமைப்பது எவ்வாறு என்பதைச் சொல்ல விழைகிறேன். மங்கல நாளில் கள்வன் பேச்சு எதற்கு என்று தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டா. காரணம் உண்டு, அதனை முடிவில் சொல்வேன்.

ஒரு காலத்தில் நம் ஸ்ரீராம்புரத்துத் தெருக்களில் பூட்டு என்பது பெயரளவுக்கே இருந்தது. ஆலையில் முறை வேலைக்குச் செல்வோரும், இரயில்வேயில் இரவுப் பணி பார்ப்போரும் எந்நேரமும் தெருவில் நடமாடினர். திண்ணையில் ஒரு பாட்டியாவது விழித்திருப்பார். இன்றோ ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சம்பிகே சாலையிலிருந்து பீன்யா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நிலையமும் எழுந்தது. பொங்கலுக்கும் ஆடிக்கும் நாம் சொந்த ஊர் செல்லும்போது நான்கு நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் முதியோர் தனித்திருக்கின்றனர். எனவே பலர் இன்று காவல் மணி பொருத்துகின்றனர். பொருத்துவது நன்று. பிழையாகப் பொருத்துவதோ, பொருத்தாமல் இருப்பதனினும் தீது. ஏனெனில், அது நம்மை நம்பவைத்துக் கைவிடும்.

இதன் வரலாறு சுவையானது. மின்சாரத்தால் இயங்கும் களவு எச்சரிக்கை மணிக்கு 1853-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை 1857-இல் எட்வின் ஹோம்ஸ் என்னும் வணிகர் விலைக்கு வாங்கி, கட்டடங்களுக்குக் கம்பி இழுத்துத் தொழில் நடத்தினார். கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல்தான். மறு ஆண்டு பாஸ்டன் நகரில் ஹோம்ஸின் காவல் மணிக் கம்பிகளிலேயே தொலைபேசியை இணைத்துப் பேசிப் பார்த்தார்கள். ஆக, இன்று தொலைபேசிக் கம்பியில் காவல் மணி ஒண்டியிருப்பதாக நாம் எண்ணுகிறோம். அன்று தொலைபேசியே காவல் மணியின் வீட்டுக்கு வந்த விருந்தாளி! நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் 1882-இல் தொலைபேசி நிலையங்கள் தோன்றின. நம் பெங்களூரிலோ 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையே எழுந்தது. இந்தியா முழுவதும் ஒலித்த கறுப்புத் தொலைபேசிகள் அங்கே உருவானவை. ஆகவே இது நமக்கு அயலான பொருளன்று.

இனி, அமைக்கும் முறைக்கு வருவோம்.

முதல் விதி, சுற்று எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பது. இதனை எங்கள் இரயில்வே பல்லாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தது. வில்லியம் ராபின்சன் என்பவர் 1872-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, தண்டவாளத்திலேயே சிறிதளவு மின்சாரம் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரங்கள் அம்மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும். உடனே கைகாட்டி சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்பு. மின்கலம் தீர்ந்தாலும் சிவப்பு. பழுது நேர்ந்தால் அது பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும் என்பதே தத்துவம். வீட்டிலும் அவ்வாறே. கதவு நிலையில் ஒரு சிறு குழலும் கதவில் ஒரு காந்தமும் வைக்கிறோம். கதவு மூடியிருக்கும்வரை மின்சாரம் ஓடும், திறந்தால் நிற்கும், நின்றால் மணி ஒலிக்கும். கள்வன் கம்பியை வெட்டினாலும் அப்போதும் ஒலிக்கும். மாறாக, திறக்கும்போது மட்டும் மின்சாரம் ஓடுமாறு அமைத்தால், கம்பியை வெட்டியவன் கவலையின்றி உள்ளே நுழைவான். சுற்றின் கடைக்கோடியில் ஒரு மின்தடையையும் சேர்த்துவிட்டால், கம்பியை ஒட்டவைத்து ஏமாற்றுவதையும் பெட்டி கண்டுகொள்ளும்.

இரண்டாம் விதி, வரிசை பற்றியது. வீட்டுக்குள் வரும் செப்புத் தொலைபேசிக் கம்பி முதலில் காவல் பெட்டிக்குச் செல்ல வேண்டும். அதிலிருந்து வெளிவந்த பின்னரே மற்றத் தொலைபேசிகளுக்குப் பிரிய வேண்டும். ஆபத்து வேளையில் பெட்டி மற்றத் தொலைபேசிகளைத் துண்டித்து, கம்பி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு செய்தி அனுப்பும். அதே கம்பியில் இணையமும் வருமாயின், வாயிலிலேயே பிரிப்பான் ஒன்றை வைத்து, ஒரு கிளையை மோடத்திற்கும், பேச்சுக்குரிய கிளையைக் காவல் பெட்டிக்கும் விட வேண்டும். இல்லையேல், பெட்டி அழைக்கும்போது இணையம் அறுபடும். இணையத்தின் இரைச்சல் பெட்டியின் செய்தியையும் கெடுக்கும்.

மூன்றாம் விதி, மின்வெட்டை மறவாமை. பழைய செப்புக் கம்பிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட்டு மின்சாரம் வரும். தெருவே இருண்டாலும் தொலைபேசி பேசும். இப்போது வரும் ஒளியிழை கண்ணாடியாலானது. அது ஒளியைத்தான் சுமக்கும், மின்சாரத்தைச் சுமக்காது. வீட்டில் மின்சாரம் நின்றால் இணையப் பெட்டியும் நிற்கும், அதனைச் சார்ந்த தொலைபேசியும் நிற்கும். காவல் பெட்டிக்குள் 12 வோல்ட்டு மின்கலம் இருக்கிறதே என்று மகிழ்ந்து பயனில்லை. செய்தி செல்லும் வழி அடைந்துவிட்டதே! ஆகவே ஒளியிழைப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். சிம் அட்டை பொருத்தும் பெட்டியாயின் இரண்டாவது வழி ஒன்று கிடைக்கும். ஆனால், 2ஜி மட்டும் அறிந்த பெட்டியில் 4ஜி மட்டும் வழங்கும் நிறுவனத்தின் சிம் உதவாது என்பதைக் கேட்டு வாங்குக.

நான்காம் விதி, கம்பிகளின் ஒழுக்கம். காவல் கம்பி, தொலைபேசிக் கம்பி, இணையக் கம்பி மூன்றும் அண்டை வீட்டாரைப் போல அருகருகே செல்லலாம். ஒன்றன் உறையில் மற்றொன்று குடிபுகலாகாது. இணையக் கம்பிக்குள் முறுக்கிய நான்கு இணைகள் உண்டு. இரண்டு இணைகள் சும்மா இருக்கின்றன என்று எண்ணி அவற்றில் மணியைக் கட்டுவோர் உளர். விரைவு மிக்க கிகாபிட் இணையத்திற்கு நான்கு இணைகளும் தேவை. அன்றியும், தொலைபேசி ஒலிக்கும் வேளையில் அக்கம்பியில் 70, 80 வோல்ட்டு மாறுமின்னோட்டம் வரும், தொட்டவர் துள்ளுவார். 230 வோல்ட்டு வீட்டு மின்கம்பியினின்று இம்மூன்றையும் ஓர் அடியேனும் விலக்கி வையுங்கள். கடக்க நேர்ந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கச் செய்யுங்கள்.

ஐந்தாம் விதி, திங்களுக்கு ஒருமுறை சோதனை. சோதிக்காத மணி, சாவி கொடுக்காத கடிகாரம்.

நிற்க. நான் சொல்வதாகக் கூறிய காரணத்திற்கு வருகிறேன்.

2016-ஆம் ஆண்டு என் தாயார் எங்களோடு இருந்தார். எனக்குப் பார்சல் அலுவலகத்தில் இரவு முறை. மனைவியும் மக்களும் ஊருக்குச் சென்றிருந்தனர். தாயாரின் கழுத்தில் ஓர் அவசரப் பொத்தான் தொங்கவிட்டிருந்தேன். அழுத்தினால் பெட்டி என் கைப்பேசியை அழைக்கும். அன்றிரவு குளியலறையில் அவர் வழுக்கி விழுந்தார். பொத்தானை அழுத்தினார். மீண்டும் மீண்டும் அழுத்தினார். எனக்கு அழைப்பே வரவில்லை. மாலையில் வேலூரிலுள்ள என் தங்கையோடு பேசிவிட்டுத் தாயார் வைத்த தொலைபேசி, தாங்கியில் சரியாக அமரவில்லை. கம்பி அங்கே பிடிபட்டிருந்தது. என் பெட்டியோ வரிசையின் கடைசியில், எல்லாத் தொலைபேசிகளுக்கும் பின்னால் இருந்தது. கம்பி கட்டிய இளைஞனைக் குறை கூறேன். "பத்து மீட்டர் கம்பி மிச்சமாகும், இங்கேயே பொருத்து" என்று சொன்னவன் நானே.

விடியும்வரை அவர் ஈரத் தரையில் கிடந்தார். அவரைக் காத்தது கருவியன்று. எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் நாள்தோறும் ஐந்தரை மணிக்கு வாசலில் கோலமிடுவார். அந்நேரம் என் தாயாரும் நம் வாசலில் கோலமிடுவார். ஒருவர் தமிழில் கேட்பார், மற்றவர் கன்னடத்தில் விடை சொல்வார். அன்று நம் வாசல் வெறுமையாக இருந்தது. அவ்வளவே. அம்மையார் கூப்பிட்டார், விடையில்லை. மகனை எழுப்பிக் கதவை உடைக்கச் செய்தார். தாயாரின் இடுப்பெலும்பு கூடிற்று; ஆயினும் அதன்பின் அவர் ஊன்றுகோலின்றி நடந்தாரில்லை.

மறுவாரமே வரிசையை நான் திருத்தினேன். பெட்டி அழைக்கும் எண்களில் என் எண்ணுக்கு அடுத்து அந்த அம்மையாரின் எண்ணைச் சேர்த்தேன். பின்னர் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மூடிய சுற்று என்று முதலில் சொன்னேனே, அந்த இரு வாசல்களுக்கிடையே நாள்தோறும் ஓடியதும் அதுவேயன்றோ? ஓட்டம் ஒருநாள் நின்றது. உடனே மணி ஒலித்தது.

அன்பர்களே! காவல் மணியை முறையாக அமையுங்கள். காசுக்காக வரிசையை மாற்றாதீர்கள். நம் இளைஞர்கள் இத்தொழிலைக் கற்றுக்கொண்டால் நமக்கும் நன்மை, அவர்க்கும் பிழைப்பு. அவ்வளவும் செய்தபின், ஊர் செல்லும் நாளில் எதிர்வீட்டில் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அவர்கள் ஊர் செல்லும்போது அவர்கள் வாசலை நீங்கள் பாருங்கள்.