இணையத்தில் நம் சங்கத்தைத் தேடுவோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இயலும் இசையும் நாடகமும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ நம் சங்கத்தின் இணையதளம். விழா நாளில் பேசத்தக்க செய்திதானா இது என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறினால் அந்த ஐயம் நீங்கும் என்று நம்புகிறோம்.

மதுரையிலிருந்து மாற்றலாகி ஒரு குடும்பத்தினர் ஜூன் மாதம் நம் லக்ஷ்மிபாய் நகருக்கு வந்து சேர்ந்தனர். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் பெண், எழுபது வயதைக் கடந்த பாட்டியார் என நால்வர். சங்கத்துக்கு இரண்டு தெரு தள்ளியே குடியிருந்தனர். ஆயினும் நவம்பர் வரை அவர்களை நாம் அறியோம். நம்மை அவர்கள் அறியார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும்போது தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்ததால் அன்றோ அறிமுகம் உண்டாயிற்று! “பேத்தி எத்தனையோ தடவை போனில் தேடிப் பார்த்தாளே தம்பி, உங்கள் சங்கத்தின் பெயர் வரவே இல்லையே” என்றார் அம்மூதாட்டி. வீட்டாரைத் தவிர வேறு எவரோடும் தமிழில் ஒரு வார்த்தை பேசாமல் ஐந்து மாதங்களைக் கழித்திருக்கிறார் அவர். அதற்குள் நம் தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. நவராத்திரிக் கொலுவும் முடிந்துவிட்டது. நாம் நாணித் தலை குனிந்தோம்.

அன்றிரவே நம் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குறை எங்கே என்று ஆராய்ந்தோம். அவ்வாராய்ச்சியில் கற்றவற்றையே இங்கே கூறுகிறோம்.

முதலில் தேடுபொறி வேலை செய்யும் முறையை அறிதல் வேண்டும். 1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு மாணவர்கள் தொடங்கிய கூகுள் நிறுவனத்தின் பொறியையே நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துகிறோம். நாம் கேட்டவுடன் அது உலகமெங்கும் ஓடித் தேடுவதில்லை. அதன் நிரல்கள் முன்கூட்டியே, இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் சென்று படித்துப் பெரியதொரு சொல்லடைவைத் தொகுத்து வைக்கின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் பதிப்புகளின் இறுதியில் அரும்பத அகராதி சேர்த்தார்கள் அல்லவா? அதில் இடம்பெறாத சொல்லை அதன் வாயிலாகத் தேடிக் காண இயலாது. அதுபோலவே, பொறியின் அடைவில் ஏறாத பக்கம் தேடுவோர்க்கு இல்லாத பக்கமே ஆகும்.

நம் பக்கங்கள் ஏன் ஏறவில்லை? நம் பழைய மலர்களிற் பல, தாள்களைப் படம் பிடித்து ஏற்றப்பட்டவை. படத்திலுள்ள எழுத்தைப் பொறி ஓரளவு படித்துக்கொள்ளுமாயினும், அதை நம்பியிருத்தல் ஆகாது. வேறு சில மலர்கள் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் அச்சுக் கோத்தவை. அவற்றில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, பொறிக்கு ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி இடம் வகுக்கப்பட்டது. ஆகவே, இணையத்தில் ஏற்றும் தமிழ் முழுவதும் யூனிகோடில் இருத்தல் வேண்டும்.

அடுத்தது தலைப்பு. நம் முதற்பக்கத்தின் தலைப்பு ‘முகப்பு’ என்று மட்டும் இருந்தது. எந்த ஊரின் முகப்பு, எவருடைய முகப்பு? நூலுக்குப் பாயிரம் வகுத்த நம் இலக்கணிகள், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றை அதில் கூற வேண்டும் என்றனர். இணையப் பக்கத்துக்கும் அந்நான்கும் வேண்டும். ‘தமிழ் வகுப்பு, லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி’ என்று பக்கத்துக்குத் தலைப்பிட்டு, எவ்வயதுப் பிள்ளைகளுக்கு, எந்நாளில், எங்கே நடைபெறுகிறது என்பதை இரண்டு வரியில் விளக்கக் குறிப்பாகச் சேர்த்தோம். தேடல் விடையில் தலைப்பின் கீழ் அவ்வரிகள் தோன்றக்கூடும். படிப்பவர் உள்ளே வருவதும் வாராததும் அவற்றைப் பொறுத்தது.

மூன்றாவது, தேடுவோரின் சொல்லை அறிதல். ஜான்சி ராணியின் பெயர் தாங்கிய நம் நகரை லக்ஷ்மிபாய் என்பார் சிலர். லட்சுமிபாய், லெட்சுமிபாய் என்பார் பிறர். ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இல்லை. ஊர்ப்பெயர்க் குழப்பமும் பல மொழி முகவரிகளும் அஞ்சல் துறையை வருத்தியதால்தான் 1972இல் ஆறு இலக்கக் குறியீட்டு எண் வந்தது. தேடுபொறி சில வேறுபாடுகளைத் தானே உணரும் எனினும், வழக்கிலுள்ள வடிவங்களை வாக்கியங்களில் இயல்பாக ஓரிரு இடத்தில் எழுதி, முழு முகவரியையும் 110023 என்னும் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எழுத்தாகவே தருதல் நன்று. சங்கம் இருக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்திலும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

நான்காவது, பிறர் நம்மைச் சுட்டுதல். உரையாசிரியர் பலர் மேற்கோள் காட்டிய நூலுக்கு மதிப்பு மிகுவது போல, நல்ல தளங்கள் இணைப்புக் கொடுக்கும் பக்கத்தைப் பொறி உயர்வாக மதிக்கிறது. தலைநகரிலுள்ள பிற தமிழ் அமைப்புகளின் தளங்களில் நம் இணைப்பையும், நம் தளத்தில் அவர்களுடையதையும் முறையாகக் கேட்டுப் பெறுவோம். பணத்துக்கு இணைப்பு வாங்குவதும், ஒரே சொல்லை நூறு முறை அடுக்குவதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளித்து வைப்பதும் ஏமாற்று வேலைகள். இத்தகையவற்றைத் தாழ்த்தவே 2012இல் பெங்குவின் என்னும் மாற்றத்தைக் கூகுள் புகுத்தியது. ‘முதலிடம் வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவ்வாறு உறுதி கூற எவராலும் இயலாது.

இனிச் சமூக ஊடகம். ‘வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, போதாதா?’ என்று கேட்கிறீர்கள். அக்குழுவில் நம்மை ஏற்கெனவே அறிந்தவர்களே இருக்கிறார்கள். அங்கே எழுதுவது தேடுபொறிக்குத் தெரியாது. புதிதாக வந்தவர் எவ்வாறு நுழைவார்? ஆதலால் விழா அறிவிப்பை முதலில் தளத்தில் எழுதி, அதன் இணைப்பை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பகிர்தல் முறை. பக்கத்துக்குத் தலைப்பும் படமும் குறித்து வைத்தால், பகிரும் இடத்தில் அவை அழகாகத் தோன்றும். அழைப்பிதழைப் படமாக மட்டும் போடாமல், நாளும் நேரமும் இடமும் அருகில் எழுத்திலும் இருத்தல் வேண்டும். கண்பார்வை குறைந்தவர்களின் கைப்பேசி படித்துச் சொல்லவும் அது உதவும். பக்கங்கள் சிறு திரையிலும் விரைவில் திறத்தல் வேண்டும். கைப்பேசியில் தோன்றும் வடிவத்தையே கூகுள் இப்போது முதன்மையாகக் கொள்கிறது.

இத்திருத்தங்களைச் செய்தவுடன் பயன் தெரிந்துவிடவில்லை. சில வாரங்கள் பொறுத்திருந்தோம். பின்னர் ஒரு நாள், தமிழ் வகுப்பைப் பற்றி விசாரித்து, முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. “எங்களைப் பற்றி யார் சொன்னார்கள்?” என்றோம். “தேடினேன், கிடைத்தது” என்றார். அந்த இரண்டு சொற்களும் நமக்குப் பொன்னாடையினும் பெரிதாகத் தோன்றின.

இன்னும் பழைய மலர்களின் கட்டுரைகள் பல யூனிகோடில் தட்டச்சுச் செய்யப்பட வேண்டியிருக்கின்றன. இளைஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் தந்தால் போதும். எழுத்துப் பிழை பார்க்கப் பெரியோர் துணை வேண்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கண்ட அம்மூதாட்டியே மெய்ப்புப் பார்க்க முதலில் முன்வந்திருக்கிறார். அடுத்த மாற்றலில் வரும் குடும்பம் ஐந்து மாதம் காத்திராதபடி செய்வது நம் கடமை.