தப்தரில் இல்லாத கட்டம்

(மதரசா ஆண்டு விழா மேடையில் ஆற்றிய உரை)



ஜமாஅத் தலைவர் அவர்களே, உலமாப் பெருமக்களே, பெரியோர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அழைப்பை மதித்து வந்திருக்கும் சகோதர சமயத்து நண்பர்களே!

எனக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை வந்து ‘ஆமன்து பில்லாஹி’ ஓதினாள். ஏழு வயசுதான் இருக்கும். மைக் எட்டவில்லை, ஹஜ்ரத் அவர்கள் இறக்கிக் கொடுத்தார்கள். அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், ரசூல்மார்கள், இறுதி நாள், நன்மை தீமைகளின் விதி என்று ஆறு நம்பிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றீர்கள். நானும் சொன்னேன். சொன்ன கையோடு, இன்னும் பதினைந்து வருஷத்தில் இந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் நம்மூர் எத்தனை பவுன் கேட்கும் என்றும் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

இந்த ஆறும் எப்படி வந்தன என்பதை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நபிகள் நாயகம் (ஸல்) தோழர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வருகிறார். வெள்ளை வெளேரென்ற உடை, கன்னங்கரிய முடி. பயணம் வந்த தூசு அவர் மேல் இல்லை, உள்ளூர்க்காரரும் இல்லை. முழங்காலோடு முழங்கால் சேர உட்கார்ந்து கேட்கிறார்: இஸ்லாம் எது? ஈமான் எது? முதல் கேள்விக்குக் கலிமா, தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் என ஐந்து கடமைகள் பதிலாக வந்தன. இரண்டாவதற்கு வந்தவை இந்த ஆறு நம்பிக்கைகள். அடுத்து, இஹ்ஸான் எது என்று கேட்டார். அல்லாஹ்வை நேரில் பார்ப்பதுபோல் வணங்க வேண்டும், நாம் பார்க்காவிட்டாலும் அவன் நம்மைப் பார்க்கிறான் என்பது அதற்கான பதிலின் கருத்து. கேட்டுவிட்டுப் போனவர் ஜிப்ரீல் (அலை). உமர் (ரலி) அறிவிக்க, முஸ்லிம் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

மறுமையின் அடையாளத்தையும் அவர் கேட்டார். காலில் செருப்பில்லாமல் ஆடு மேய்த்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு உயர உயரக் கட்டடம் கட்டுவார்கள் என்பது ஓர் அடையாளம். வளைகுடாப் பணத்தில் நம் தெருவில் எழும்பும் வீடுகளை நான் சொல்லவில்லை. நீங்களாக நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

சரி, இந்த ஆறுக்காக நாம் என்றைக்காவது சண்டை போட்டிருக்கிறோமா? தராவீஹ் தொழுகை எட்டு ரக்அத்தா இருபதா, அதற்குப் போட்டோம். தொழுகையில் அத்தஹிய்யாத்தில் விரலை ஆட்டலாமா, அதற்குப் போட்டோம். பிறைக்காகப் பிரிந்து, இந்த வீட்டில் பெருநாள் பிரியாணி, எதிர் வீட்டில் நோன்பு என்று ஒரே தெருவில் வாழ்ந்து காட்டினோம். கைக்கூலிக்காக, அதாவது வரதட்சணைக்காக மட்டும் ஜமாஅத் பிளந்ததாக இந்த ஊரில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? அந்த ஒன்றில் நம்மிடையே பூரண ஒற்றுமை!

ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறோம். வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் துண்டை விரித்து நிற்கிறார். கையில் அவருடைய ஜமாஅத் கடிதம். எத்தனையோ ஊரில் மடித்துப் பிரித்து மடிப்பே கிழிந்துபோய், பின்னால் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறது. ‘குமர் காரியத்துக்கு உதவுங்கள்.’ மகள் கல்யாணத்துக்குத்தான். நாம் பத்தோ நூறோ போடுகிறோம். ரமலான் என்றால் ஜகாத் கணக்கில் போடுகிறோம். நாற்பதில் ஒரு பங்கு, இரண்டரை சதவீதம், நிறைவேறிவிட்டது என்று செருப்பைத் தேடுகிறோம்.

அந்தப் பணம் எங்கே போகிறது? அவர் வீட்டுக்கா? இல்லை. அவரைக் கேட்க வைத்த மாப்பிள்ளை வீட்டுக்கு. ஜகாத் யாருக்குச் சேரும் என்று குர்ஆன் ஒன்பதாவது சூராவில் எட்டு வகை சொல்கிறது. ஏழை, வறியவர், கடனாளி, வழிப்போக்கர் என்று போகிறது அந்த வரிசை. ஹஜ்ரத் அவர்களே, எனக்கு ஒரு சந்தேகம். பைக்கும் பத்துப் பவுனும் கேட்கும் மாப்பிள்ளை இந்த எட்டில் எந்த வகை?

மார்க்கம் சொன்னது நேர் எதிர். மஹரை, அதாவது மணக்கொடையை, மனமுவந்து பெண்ணுக்குக் கொடு என்று ஆணுக்குக் கட்டளை. அந்தக் கட்டளை வரும் சூராவுக்குப் பெயரே நிஸா, ‘பெண்கள்’. நாம் என்ன செய்கிறோம்? அறைக்குள் இருபது பவுன் வாங்கிக்கொண்டு, சபையில் ஒரு பவுன் மஹர் என்று உரக்கச் சொல்கிறோம். வேதத்தை நம்பினேன் என்று சொன்ன அதே வாய்!

திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்பது பெரும்பாலும் மாமியாதான். வாங்கிப் பைக்குள் வைப்பது மாமனார். மாப்பிள்ளை மட்டும் ‘எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் உம்மா பார்த்துக்கிட்டாங்க’ என்பார். உம்மாவுக்குக் கட்டுப்பட்ட பிள்ளையாம்! கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்தபோதும் ‘அஹத், அஹத்’, அவன் ஒருவன், ஒருவன் என்றார்களே பிலால் (ரலி), அவர்கள் ஓர் அடிமை. எஜமான் உமய்யாவுக்கு அஞ்சாத அந்த அடிமையின் ஓரிறை நம்பிக்கையான தவ்ஹீதும் உம்மாவைச் சாக்குச் சொல்லும் நம் தவ்ஹீதும் ஒன்றா?  

கைக்கூலி கொடுக்க வழியில்லாமல் முப்பத்திரண்டு வயதுப் பெண் வீட்டிலேயே இருக்கிறாள். கேட்டால், ‘அவ நஸீபு’ என்கிறோம். விதியை நம்புவது ஈமானின் ஆறாவது பகுதி. அதை நாம் பழிபோடும் இடமாக ஆக்கிவிட்டோம். ஒட்டகத்தைக் கட்டிப்போடட்டுமா, அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு விட்டுவிடட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு பாரத்தைப் போடு என்ற கருத்தில் நாயகம் சொன்னதாகத் திர்மிதியில் இருக்கிறது. நாம் கயிற்றை அறுத்துவிட்டு நஸீபு பேசுகிறோம்.

மாஊன் சூரா நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஏழே வசனம், அவசரத் தொழுகைக்கு வசதி. அது எதைக் கேட்டு ஆரம்பிக்கிறது? தீர்ப்பு நாளைப் பொய்யாக்குகிறவனைப் பார்த்தாயா என்று. நாம் என்ன எதிர்பார்ப்போம்? சிலை வணங்குகிறவனைக் காட்டும், நாத்திகனைக் காட்டும் என்றுதானே? யத்தீமை, அனாதையை விரட்டுகிறவனைக் காட்டுகிறது. ஏழைக்குச் சோறு போடத் தூண்டாதவனைக் காட்டுகிறது. அப்புறம் தொழுகையாளியின் பக்கமே திரும்பி, கவனமில்லாமல், பிறர் பார்க்கத் தொழுகிறவர்களுக்குக் கேடு என்கிறது. மாஊன் என்பது சட்டி, வாளி, கோடாலி போல அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கும் சில்லறைச் சாமான் என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். வாளியை இரவல் கொடுக்காதவனையே இந்தச் சூரா கண்டிக்கிறது. வாப்பா இல்லாத பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து பேரம் பேசியவனை எங்கே வைப்பது?

நான் யோக்கியன் என்று இந்த மேடையில் நிற்கவில்லை. 1988-இல் என் நிக்காஹ். என் வாப்பா கேட்டார்கள், மாமனார் கொடுத்தார்கள், நான் ஷெர்வானிக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். வலிமா முடிந்து மூன்றாம் நாள்தான் தெரியும், அதற்காக மாமனார் வாய்க்கால் ஓரத்து வயலை விற்றது. திருப்பிக் கொடுக்கும் புத்தி எனக்கு வர ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்குள் மாமனார் மவுத்தாகிவிட்டார்கள். மனைவியிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று மாலை, இதைச் சபையில் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். ‘இப்பவாவது சொல்லுங்க’ என்றாள்.

மலக்குகளை நம்புகிறோம். இரண்டு பேர் கூடவே இருந்து எழுதுகிறார்கள், சின்னதோ பெரியதோ ஒன்றும் விடுபடாது என்று நம்புகிறோம். அறைக்குள் பேசிய இருபது பவுனையும் எழுதியிருப்பார்கள் அல்லவா? ஆனால் நம் பள்ளிவாசல் நிக்காஹ் தப்தரைப் பாருங்கள். மணமகன் பெயர், மணமகள் பெயர், வலி என்ற பெண்ணின் பொறுப்பாளர், சாட்சிகள், மஹர். அதோடு கோடு முடிகிறது. வாங்கியதை எழுத ஒரு கட்டம் இல்லை.

செயலாளர் அவர்களே, அடுத்த நிக்காஹ் வரும் ஞாயிறு என்று சற்று முன் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தத் தப்தரை இங்கே எடுத்து வரச் சொல்லுங்கள். மஹருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுவோம். ‘மாப்பிள்ளை வீடு வாங்கியது’ என்று தலைப்பு எழுதுவோம். அதற்குக் கீழே மாப்பிள்ளை கையெழுத்துப் போடட்டும், சபையில், எல்லாரும் பார்க்க. ஸ்கேல் மதரசாப் பிள்ளைகளிடம் இருக்கும். பேனா என்னிடம் இருக்கிறது.