பறை: ஒரு சொல்லின் ஒலியும் பொருளும்



பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் ஒருநாள் 'பரையா' என்ற சொல்லை எதிர்கொள்கிறார்கள். அகராதி அதற்கு 'விலக்கப்பட்டவர்' என்று பொருள் தருகிறது. உலகம் ஒதுக்கிய நாட்டைச் செய்தித்தாள்கள் 'பரையா நாடு' என்கின்றன. அந்தச் சொல் நம் தெருவிலிருந்து போனது.

போர்த்துக்கீசியர் காதில் விழுந்து ஐரோப்பா சென்ற அந்தப் பெயர் முதலில் வல்லின றகரத்தை இழந்தது. அடுத்துப் பொருளையும் இழந்தது.

தமிழில் பறை என்பது தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்திலும், குமரி, ஈழப் பேச்சிலும் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு பறையனை நான்கு குடிகளுள் ஒருவனாக எண்ணுகிறது. ஆனால் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியே குறிக்கிறது. அவன் மகன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆக, இழிவு சொல்லில் பிறக்கவில்லை. ஊரையும் சேரியையும் பிரித்த நில உறவில் பிறந்து, பிறகு சொல்லின்மேல் ஏறி உட்கார்ந்தது.

அதை இறக்கிவைக்க நம் முன்னோர் வெவ்வேறு வழிகளில் போராடினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. பெயரை நிமிர்த்தியவரும் உதறியவரும் கேட்டது ஒரே மானத்தைத்தான். பறைக்கும் அதுவே கதை. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று அதைக் கீழே வைத்தவர்களும், உரிமை மேடையில் ஏந்தி அடிப்பவர்களும் நம்மவர்களே. கட்டாயத்தின் பேரில் அடித்தால் அடிமை வேலை. நாமே விரும்பி அடித்தால் அது நம் பேச்சு.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறார்கள். இத்தனை பேர் வாழும் மண்ணில், வகுப்பறையில் அந்த ஆங்கிலச் சொல் வரும்போது மாணவர் தலைகுனியக் கூடாது. எழுந்து அதன் வரலாற்றைச் சொல்லுங்கள். கட்டுரையிலோ மொழிபெயர்ப்பிலோ அதை வசையாக எழுதாதீர்கள். 'ஒதுக்கப்பட்ட' என்று எழுதினால் போதும். ஒதுக்கியவர் யார் என்ற கேள்வியும் உடன் வரும்.

றகரத்தை அழுத்திச் சொல்லுங்கள், தோழர்களே. பறைதல் என்றால் பேசுதல். நாம் பேசுவோம்.